மாரித் பியோர்கனின் 15 பதக்கம்: லண்டன் தம்பியின் கேள்விக்கு

கேள்வி, 11 ஜனவரி 2025

அண்ணை, போன கிழமை நோர்வேயின் நெடுந்தூர ஸ்கீ வீராங்கனை மாரித் பியோர்கனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம், அவருக்கு மேல் ஆளில்லை என்று. எனக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இந்த விளையாட்டில் வெல்கிற நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரே ஆள் ஒரே ஒலிம்பிக்கில் ஐந்தாறு போட்டியில் இறங்கலாம். போதாததற்கு ஆஸ்துமா மருந்துக் கதை வேறு. 15 என்ற எண்ணை வைத்து என்னத்தைச் சொல்வது?

11 ஜனவரி, இரவு

நியாயமான கேள்வி, தம்பி. எண்ணை மட்டும் போட்டுவிட்டு நான் போயிருக்கக் கூடாது.

முழுக் கணக்கு இது: 8 தங்கம், 4 வெள்ளி, 3 வெண்கலம். 2002 சால்ட் லேக் சிட்டியில் தொடங்கி 2018 பியோங்சாங் வரை ஐந்து ஒலிம்பிக். உலகச் சாம்பியன் போட்டிகளில் 26 பதக்கம், அதில் 18 தங்கம்.

நாடுகள் குறைவு என்பது சரி. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரு தனிநபர் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து நாலு பேருக்கு மேல் இறங்க முடியாது. நோர்வேயில் ஐந்தாவதாக வந்து வீட்டில் நிற்கிற பெண், வேறு பல நாடுகளில் பிறந்திருந்தால் அணிக்கே முதல் ஆளாக இருந்திருப்பார். அந்த நாலுக்குள் 16 வருடம் இடம் வைத்திருப்பது சின்ன வேலை இல்லை.

எனக்கு மாரித்தைப் பிடித்ததற்குக் காரணம் பதக்கம் வென்ற வருடங்கள்கூட இல்லை. 2006 முதல் 2009 வரை ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன் போட்டியிலும் தங்கம் இல்லாமல் இருந்த வருடங்கள். அதை நாளை எழுதுகிறேன், விடிய வேலை.

13 ஜனவரி

நேற்று எழுத முடியவில்லை.

மாரித் பிறந்தது 1980 மார்ச் 21. வளர்ந்தது ட்ரொண்ட்ஹைமுக்குத் தெற்கே ரொக்னெஸ் என்ற சிற்றூரில், பண்ணை வீட்டில். 2002ல் அஞ்சலோட்ட வெள்ளி. 2003ல் இத்தாலியின் வால் டி ஃபியம்மேயில் ஸ்பிரிண்ட் உலகச் சாம்பியன். அப்போது எல்லோரும் அவரைக் குறுந்தூரக்காரி என்றே கணக்குப் போட்டார்கள். தோளில் அவ்வளவு பலம். கோல் இரண்டையும் ஊன்றி இழுத்தால் ஆள் அப்படியே முன்னுக்கு வழுக்கிக்கொண்டு போவது தொலைக்காட்சியிலேயே தெரியும். ஆனால் 2005ல் ஓபர்ஸ்ட்டோர்ஃப் உலகப் போட்டியில் 30 கிலோமீட்டர் தங்கத்தையும் சேர்த்து ஐந்து பதக்கம் எடுத்தார். 2005, 2006 இரண்டு பருவத்திலும், குளிர்காலம் முழுக்க நடக்கிற உலகக் கோப்பைத் தொடரின் மொத்தப் பட்டமும் அவருக்கே.

அந்தப் பெயரோடுதான் 2006ல் டூரின் போனார். உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. 10 கிலோமீட்டர் கிளாசிக்கில், அதாவது இரண்டு ஸ்கீயும் தடத்தில் நேராகப் போகிற பழைய முறையில், ஒரு வெள்ளி, அவ்வளவுதான். அந்த ஒலிம்பிக்கில் நோர்வே முழுவதற்கும் சேர்த்து இரண்டே தங்கம், நெடுந்தூர ஸ்கீயில் ஒன்றுகூட இல்லை. நான் அப்போது வேலை செய்த இடத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு சிறிய தொலைக்காட்சி இருந்தது. இடைவேளையில் இருபது பேர் அதைச் சுற்றி நிற்போம். அந்த இரண்டு கிழமையும் அந்த அறை செத்த வீடு மாதிரி இருந்தது.

2009ல் லிபெரெட்ஸ் உலகப் போட்டி. அதில் மாரித்துக்கு ஒரு பதக்கமும் இல்லை. அதே அறை, அதே தொலைக்காட்சி. பக்கத்தில் கோப்பியோடு நின்ற வடக்கத்திப் பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்து "ஃபெர்டிக்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன். இருபது வருடமாக இந்த நாட்டில் ஸ்கீ பார்க்கிறேன், எனக்கும் தெரியும் என்ற நினைப்பு. அன்று அவருக்கு 28 வயது. அவருடைய 8 ஒலிம்பிக் தங்கமும் அதற்குப் பிறகு வந்தவை.

14 ஜனவரி

தம்பி கேட்கிறார்: அப்படியென்றால் ஒன்றும் கிடைக்காத 2009க்கும் ஐந்து ஒலிம்பிக் பதக்கம் வந்த 2010க்கும் இடையில் என்ன நடந்தது?

ஒரு வருடத்தில் நடந்த மாயம் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகளை 2000 முதல் 2017 வரை நோர்வே ஆய்வாளர்கள் எடுத்து அலசியிருக்கிறார்கள். 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரப் பயிற்சி. 35 வயதில் 940 மணி. மிகச் சிறந்த ஐந்து பருவங்களின் சராசரி 937 மணி, 543 தடவை. வருடத்தின் எல்லா நாளையும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டரை மணிக்கு மேல் வருகிறது.

இதில் என்னை நிறுத்தி வைத்த எண் வேறு. தாங்குதிறன் பயிற்சியில் 92 சதவீதத்துக்கும் மேல் மெதுவான வேகத்தில் செய்தது. பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகம். இளவயதில் கடும் பயிற்சிகளைச் சில நாட்களுக்குள் நெருக்கி அடுக்கிச் செய்தவர், பிறகு அவற்றைப் பரப்பிச் செய்கிற முறைக்கு வந்தார். பயிற்சி மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். லிபெரெட்ஸில் நாங்கள் "முடிந்தது" என்று சொன்ன அந்த மாதத்திலும் அந்தக் குறிப்பேட்டில் மணிகள் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

22 ஜனவரி

வேலை கூடிவிட்டது. வன்கூவர் 2010 ஒலிம்பிக் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது.

ஐந்து போட்டி, ஐந்து பதக்கம். முதலில் 10 கிலோமீட்டரில் வெண்கலம். அதை வென்றது சுவீடனின் ஷார்லொட் கல்லா. இரண்டு நாள் கழித்து கிளாசிக் ஸ்பிரிண்டில் தங்கம், மாரித்தின் முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். அடுத்து 15 கிலோமீட்டர் தங்கம், அஞ்சலோட்டத் தங்கம். அதே அஞ்சலோட்டத் தங்கத்தை 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் எடுத்தார்கள்.

கடைசியாக 30 கிலோமீட்டர் கிளாசிக். போலந்தின் யுஸ்தினா கோவல்சிக்கும் மாரித்தும் அரங்குக்குள் ஒன்றாக வந்தார்கள். கடைசி நேர்ப்பாதையில் கோவல்சிக் 0.3 வினாடியில் வென்றார். ஒன்றரை மணி நேரம் ஓடி 0.3 வினாடி. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் இருவரும் பனியில் விழுந்து கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. என் மனைவி ஸ்கீயில் அவ்வளவு நாட்டம் இல்லாதவள், அன்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள்.

இன்னொன்று. அந்த ஸ்பிரிண்டில் மூன்றாவதாக வந்தவர் ஸ்லோவேனியாவின் பெத்ரா மைடிச். காலையில் பயிற்சி ஓட்டத்தில் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து விலா எலும்புகள் முறிந்திருந்தன. அதோடு தகுதிச் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று நாலு தடவை ஓடி வெண்கலம் எடுத்தார். மாரித்தைப் பற்றிய இழைதான், ஆனால் மைடிச்சைச் சொல்லாமல் அந்த நாளைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

23 ஜனவரி

திருத்தம். சோச்சியில் அஞ்சலோட்டத் தங்கம் இல்லை. நோர்வேப் பெண்கள் அங்கே ஐந்தாவது. மாரித்தின் மூன்று சோச்சித் தங்கங்கள்: ஸ்கியத்லன் (பாதித் தூரம் கிளாசிக், மீதி ஸ்கேட்டிங் முறை), இங்வில்ட் ஓஸ்ட்பேர்க்கோடு சேர்ந்து ஓடிய இணை ஸ்பிரிண்ட், 30 கிலோமீட்டர். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஐந்தாவதாக வந்த கதையையே ஞாயிறு எழுதுகிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

இன்று மகளோடு காட்டுக்குள் போனேன். வெளியில் கழித்தல் ஆறு. போவதற்கு முன் வாசலில் நின்று ஸ்கீக்கு மெழுகு பூசினோம், அதிலிருந்தே தொடங்குகிறேன். லண்டனில் இருப்பவருக்கு இது தெரியாமல் சோச்சி விளங்காது.

கிளாசிக் ஸ்கீயின் அடிப்பக்கத்தில் இரண்டு வேலை இருக்கிறது. முனையும் வாலும் வழுக்க வேண்டும். நடுவில், சப்பாத்துக்குக் கீழே இரண்டு மூன்று சாண் நீளம், பனியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற இடத்துக்கு ஒரு மெழுகு, வழுக்குகிற இடத்துக்கு வேறு மெழுகு. குளிர் கூடினால் நீலம், இளகினால் சிவப்பு. மெல்லியதாகப் பூசி, தக்கைக் கட்டையால் தேய்த்து, வெளியில் வைத்து ஆறவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. உருகி உறைந்த பனி என்றால் குழாயில் வருகிற கிளிஸ்டர். பலாப்பழம் வெட்டின கையில் பால் ஒட்டின மாதிரித்தான் அது, எண்ணெய் போட்டாலும் லேசில் போகாது. முதல் வருடம் என் கையுறை, கதவுக் கைப்பிடி, காரின் ஸ்டியரிங் எல்லாவற்றிலும் அது இருந்தது.

மெழுகைப் பிழையாகப் பூசினால் என்ன ஆகும்? ஏற்றத்தில் கால் பின்னுக்கு வழுக்கும், அல்லது இறக்கத்தில் எல்லோரும் கடந்து போக நீங்கள் மட்டும் மணலில் நிற்பது போல நிற்பீர்கள். சோச்சி அஞ்சலோட்டத்தில் நடந்தது இந்த இரண்டாவது. பனி இளகிக் கிடந்தது. ஹைடி வெங், தெரேசே யோஹவ்க், அஸ்ட்ரிட் யாக்கப்சன், மாரித். உலகத்தில் இதைவிட நல்ல நாலு பேரை அன்று சேர்க்க முடியாது. ஸ்கீ ஓடவில்லை. கடைசியாக மாரித் இறங்கியபோது எட்டிப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. ஒரு கிழமை கழித்து 30 கிலோமீட்டரில் மாரித், யோஹவ்க், ஸ்டைரா என்று மூன்று பதக்கமும் நோர்வேக்கு. அணி அதே அணிதான்.

அந்த அணிக்கு இன்னொரு பாரமும் இருந்தது. ஒலிம்பிக் தொடங்குகிற நேரத்தில் யாக்கப்சனின் சகோதரர் இறந்துபோனார். முதல் நாள் ஸ்கியத்லனில் நோர்வேப் பெண்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டி ஓடினார்கள். மாரித் வென்றார். அழுகையோடுதான் பேட்டி கொடுத்தார்கள். பட்டி கட்டியதற்கு ஒலிம்பிக் குழு பிழை சொன்னது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

தோடம்பழமும் சொக்லேட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மகள் ஒரு தரமும் விழவில்லை.

1 பெப்ரவரி

ஆஸ்துமா. தம்பி மூன்று தரம் கேட்டுவிட்டார்.

முதலில் என் அனுபவம். நான் 1988ல் வந்து இறங்கியது பின்மார்க்கில், மீன் தொழிற்சாலை வேலைக்கு. முதல் குளிர்காலம், கழித்தல் இருபதில் காலை நடந்து போவேன். வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு இறுகி இருமல் பிடித்துவிடும். ஊரில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பிறகு ஒரு மருத்துவர்தான் விளக்கினார்: குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சும், குழாய் சுருங்கும். நான் சும்மா நடந்து போனவன். நெடுந்தூர ஸ்கீ ஓடுபவர் நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் அந்தக் காற்றை இழுத்து விடுகிறார், பத்துப் பதினைந்து வருடமாக. இந்த விளையாட்டில் ஆஸ்துமா அதிகம் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மாரித் அனுமதி பெற்று மருந்து எடுத்தவர். எந்தச் சோதனையிலும் பிடிபட்டதில்லை. 2010ல் கோவல்சிக், மருந்து இல்லாமல் அவர் இப்படி வென்றிருக்க முடியாது என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார். கோவல்சிக் சின்ன ஆள் இல்லை, அவருடைய கோபத்தை மதிக்கிறேன். ஆனாலும் சுருங்கிய குழாயைத் திறந்துவிடுகிற மருந்து புதுக் கால் முளைக்க வைக்காது என்பது என் நிலைப்பாடு.

3 பெப்ரவரி

முந்தாநாள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கடைசி வரியை அவ்வளவு வேகமாக எழுதியிருக்கக் கூடாது.

2016ல் நோர்வே ஆண்கள் அணியின் மார்ட்டின் சுண்ட்பிக்கு இரண்டு மாதத் தடை வந்தது. அனுமதித்த அளவுக்கு மேல் சல்பியூட்டமோல் என்ற ஆஸ்துமா மருந்தை நெபுலைசர் வழியாக (மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கருவி) எடுத்ததற்காக. 2015 டூர் டி ஸ்கீ என்ற பல நாள் தொடரின் பட்டமும் அந்தப் பருவத்து உலகக் கோப்பையும் போயின. அதே வருடம், ஆஸ்துமா இல்லாத வீரர்களுக்கும் நோர்வே அணி நெபுலைசர் கொடுத்தது வெளியே வந்தது. எனக்கு உண்மையிலேயே மனம் உடைந்த செய்தி அது. மருந்து பயன் தராது என்றால் சுகதேகிக்கு ஏன் கொடுத்தார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதை மாரித்தின் தலையில் கட்டவும் மாட்டேன். அவர் பெயரில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கோவல்சிக் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான் என்று இன்று நினைக்கிறேன். தம்பி, இந்த இடத்தில் நீங்கள் பாதி சரி.

8 பெப்ரவரி

யோஹவ்க்கைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: 2016ல் இத்தாலிப் பயிற்சி முகாமில் வெயிலில் வெடித்த உதட்டுக்கு அணி மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்தார், அதில் குளொஸ்டெபோல் என்ற தடைசெய்த ஸ்டீராய்டு இருந்தது. களிம்புப் பெட்டியிலேயே ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. 18 மாதத் தடை, பியோங்சாங் போச்சு. திரும்பி வந்து 2022 பெய்ஜிங்கில் மூன்று தனிநபர் தங்கம். பெட்டியை வாசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, அந்தத் தண்டனைக்குப் பிறகு அவர் உழைத்த உழைப்புக்குத் தலை வணங்குவதும் என் கருத்து.

16 பெப்ரவரி

2015 டிசம்பர் 26 அன்று மாரித்துக்கு மகன் பிறந்தான். 35 வயது. இனி வரமாட்டார் என்று இந்த முறையும் ஆட்கள் சொன்னார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. 14 மாதம் கழித்து லஹ்தி உலகப் போட்டி: ஸ்கியத்லன், 10 கிலோமீட்டர், அஞ்சலோட்டம், 30 கிலோமீட்டர். நாலில் இறங்கினார், நாலிலும் தங்கம்.

மகள் பிறந்த வருடம் என் மனைவி மாடிப்படி ஏறவே கஷ்டப்பட்டது நினைவிருக்கிறது. மனைவியிடம் லஹ்திக் கணக்கைச் சொன்னேன். "குழந்தையை ஆர் பார்த்தது?" என்று கேட்டாள். துணைவர் ஃப்ரெட் பேரே லுண்ட்பேர்க்கும் ஒலிம்பிக் சாம்பியன், போட்டிக் காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். அது எவ்வளவு பெரிய உதவி என்று அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

25 பெப்ரவரி

இன்றோடு ஏழு வருடம். 2018 பெப்ரவரி 25, பியோங்சாங், பெண்கள் 30 கிலோமீட்டர் கிளாசிக். ஒலிம்பிக்கின் கடைசி நாள்.

அன்று வரை அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு நாலு பதக்கம். ஸ்கியத்லன் வெள்ளி, 10 கிலோமீட்டரில் பின்லாந்தின் பார்மகோஸ்கியோடு நேரம் சமமாகிப் பகிர்ந்த வெண்கலம், அஞ்சலோட்டத் தங்கம், இணை ஸ்பிரிண்ட் வெண்கலம். அஞ்சலோட்டத்தில் சுவீடனின் ஸ்டினா நில்சனைக் கடைசிச் சுற்றில் கழற்றிவிட்டு இரண்டு வினாடியில் வென்றார்கள். இணை ஸ்பிரிண்ட் வெண்கலத்தோடு ஐந்து ஒலிம்பிக்கிலும் சேர்த்து 14 ஆகி, நோர்வே வீரர் பியோர்ண்டாலனின் 13ஐக் கடந்தாயிற்று. நாடுகளின் தங்கக் கணக்கில் மட்டும் நோர்வேயை ஜெர்மனி ஒன்றால் முந்தி நின்றது.

நோர்வேயில் விடிகாலை. வீட்டில் எல்லோரும் தூக்கம். சத்தத்தைக் குறைத்து வைத்துத் தனியாகப் பார்த்தேன். கூட்டமாகத் தொடங்கிய போட்டி, ஆனால் பாதித் தூரத்துக்கு முன்பே அவர் தனியாகிவிட்டார். ஒளிபரப்பில் பெரும்பாலும் ஒரே காட்சி: ஒரு பெண், வெறும் தடம், கோல் ஊன்றுகிற சத்தம். பின்னால் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரியாவின் தெரேசா ஸ்டாட்லோபர் வழி மாறி வேறு தடத்தில் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் எல்லாம் போச்சு, ஒன்பதாவது இடம். பாவம், அதைப் பார்க்கவே முடியவில்லை.

மாரித் வந்து சேர்ந்தது 1 மணி 22 நிமிடம் 17.6 வினாடியில். இரண்டாவதாக வந்த பார்மகோஸ்கிக்கு இன்னும் ஒரு நிமிடம் 49.5 வினாடி தேவைப்பட்டது. வன்கூவரில் இதே தூரத்தில், இதே முறையில் 0.3 வினாடியில் தோற்றவர். அன்று 29 வயது, இப்போது 37. அந்தத் தங்கத்தோடு நோர்வேக்கும் 14 தங்கம், வெள்ளி எண்ணிக்கையால் பட்டியலில் முதலிடம். ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

வன்கூவரில் அவரோடு அஞ்சலோட்டம் ஓடிய விபேக்கே ஸ்கொஃப்டெரூட் அதே 2018 ஜூலையில் நீர்ஸ்கூட்டர் விபத்தில் இறந்துபோனார். 38 வயது. 2018 என்றால் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இப்போது சொல்கிறேன். 15ஐ விடுங்கள். அந்த 0.3க்கும் 1:49.5க்கும் இடையில் கிடந்த எட்டு வருடத்தைப் பாருங்கள். நான் பேசுவது அதைப் பற்றித்தான்.

9 மார்ச்

இன்று ட்ரொண்ட்ஹைமில் உலகப் போட்டியின் கடைசி நாள். உலகச் சாம்பியன் போட்டியில் பெண்கள் முதன்முறையாக 50 கிலோமீட்டர் ஓடினார்கள். மாரித்துக்கு அந்தத் தூரம் கிடைக்கவே இல்லை, அவர் காலத்தில் பெண்களுக்கு 30தான் எல்லை. சுவீடனின் ஃப்ரிடா கார்ல்சன் தங்கம், யோஹவ்க் வெள்ளி. யோஹவ்க்கும் இப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தாய். ரொக்னெஸ் அங்கிருந்து தெற்கே கார் ஓட்டிப் போகிற தூரம்தான். அடுத்த வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர்த் தடத்தில் ஒரு தரம் ஓடிப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடைசிச் செய்தி பார்த்தேன். ஈஸ்டருக்கு ஒஸ்லோ வருகிறீர்கள் என்றால் சந்தோஷம். ஏப்ரலில் பனி இளகியிருக்கும், கிளிஸ்டர்தான் பூச வேண்டி வரும். சப்பாத்து அளவை அனுப்புங்கள், ஸ்கீ வாடகைக்கு எடுத்து வைக்கிறேன். மெழுகு பூசுவதை மகள் காட்டித் தருவாள். நல்ல கையுறையை மட்டும் கொண்டு வராதீர்கள்.